அடைக்கோழியை இடம் மாற்றும் இரவு

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. அப்பத்தா வீட்டுத் தொழுவத்தின் மூலையில் சாம்பல் நிறப் பெட்டைக்கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தது. அந்த மூலை அதற்கு மட்டும் சொந்தமில்லை. மற்ற இரண்டு பெட்டைகளும் அங்கேதான் முட்டையிடும். இது உட்கார்ந்திருக்கும்போதே அவையும் ஏறி நெருக்கியடித்து உட்காரும்; ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். ஒரு முட்டை உடைந்து வைக்கோலெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல் நல்ல கூடையொன்றை எடுத்து, வைக்கோல் பரப்பி, திண்ணையை ஒட்டிய அறையில் வைத்தேன். பட்டப்பகலில் கோழியையும் 11 முட்டைகளையும் அங்கே மாற்றிவிட்டு, தொழுவத்து மூலையைப் பெருக்கித் தள்ளினேன்.

கோழி கத்திக்கொண்டே கூடையை விட்டுக் குதித்தது. முற்றத்தைக் கடந்து நேராகத் தொழுவத்துக்கு ஓடியது. அங்கே முட்டையும் இல்லை, வைக்கோலும் இல்லை. நான் பெருக்கிவிட்டிருந்த மண்தரைதான் இருந்தது. அந்த வெறுந்தரையின்மேல் இறகைச் சிலிர்த்து, உடம்பை அகட்டி, அடியில் 11 முட்டையும் இருப்பதுபோலவே உட்கார்ந்துகொண்டது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அதன் முட்டைகள் கூடைக்குள் ஆறிக்கொண்டிருந்தன.

"பகல்ல மாத்துனா அது பழைய எடத்துக்குத்தான்யா ஓடும். ராத்திரியில மாத்தணும்" என்றாள் அப்பத்தா.

தான் இட்ட முட்டைகளை விட்டுவிட்டு வெறும் மண்ணை ஒரு தாய்க்கோழி ஏன் தேடிப் போகிறது? இரவில் மாற்றினால் மட்டும் ஏன் அடங்கி உட்காருகிறது? அன்று எனக்குப் புரியவில்லை. பின்னாளில் பறவைகளின் உடலியலைப் படித்தபோதுதான், அப்பத்தா ஒரே வரியில் சொன்னதற்குள் எத்தனை அறிவு இருந்தது என்று தெரிந்தது.

அடைக்கு வருதல் என்றால் என்ன?

நாட்டுக்கோழி வழக்கமாக 12 முதல் 15 முட்டைகள் இட்டு முடித்ததும் அடைக்கு வரும். தென்மாவட்டங்களில் 'அவயத்துக்கு வந்துவிட்டது' என்பார்கள். கோழியோடு பழகியவர்களுக்கு அடையாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டையிடுவது நின்றுவிடும். குரல் மாறி, அடித்தொண்டையிலிருந்து விட்டுவிட்டு 'கொக், கொக்' என்று கேட்கும். யாராவது கிட்டே போனால் உடம்பு இரண்டு மடங்கு பெருத்ததுபோல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறும். இருட்டினால் மற்ற கோழிகளோடு கிளையேறாமல் முட்டையிட்ட இடத்திலேயே படுத்துக்கொள்ளும். எச்சத்தைக்கூட அடக்கிவைத்து, நாளுக்கு ஒருமுறை வெளியே வரும்போது மொத்தமாகப் போட்டுவிட்டு உள்ளே போகும்.

இத்தனை மாற்றங்களுக்கும் பின்னால் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இருக்கிறது. பாலூட்டிகளில் பால் சுரப்புக்குக் காரணமாக இருப்பதும் இதே ஹார்மோன்தான். கோழிகளுக்கு இதை ஊசி வழியாகச் செலுத்தினால் அவை அடைக்கு உட்காருகின்றன என்பதை அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடிலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1935-இல் காட்டினார்கள். ஆனால் அதைச் சுரக்க வைப்பது எது என்பதுதான் நம் கதைக்கு முக்கியம்.

அடைக்கு வரும் கோழியின் அடிவயிற்றில் இறகுகள் உதிரும். அந்த இடத்துத் தோல் தடித்து, ரத்தக் குழாய்கள் பெருகி, சற்றே வீங்கிச் சூடாக இருக்கும். முட்டைக்கு வெப்பத்தைக் கடத்தும் அடுப்பு அது. கூடவே அது ஓர் உணர்வு உறுப்பும் ஆகும். முட்டையும் கூட்டின் தரையும் அந்தத் தோலில் படும்போது, அந்தத் தொடுகை நரம்பு வழியாக மூளைக்குச் செல்கிறது. மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதி 'வாசோஆக்டிவ் இன்டஸ்டைனல் பெப்டைடு' என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, புரோலாக்டின் சுரக்கிறது. புரோலாக்டின் ஏறியதும் முட்டை உண்டாக்கும் ஹார்மோன்கள் இறங்குகின்றன, சினைப்பை சுருங்குகிறது, கோழிக்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற வேகம் கூடுகிறது. உட்கார்ந்தால் மறுபடி தொடுகை, தொடுகையால் மறுபடி புரோலாக்டின். கிணற்றுக் கவலையில் பூட்டிய மாடு போவதும் வருவதுமாக நீர் இறைப்பதுபோல, இந்தச் சுழற்சி 21 நாளும் ஓயாமல் நடக்கிறது.

அந்த நாள்களில் கோழி தின்பதையே குறைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இரை கிடைக்காததால் அல்ல. அடைகாக்கும் காட்டுக்கோழிகளுக்குக் கூட்டின் அருகிலேயே இரை வைத்துப் பார்த்த ஆய்வில்கூட அவை கொஞ்சமாகத்தான் தின்றன. உடல் எடை குறையட்டும் என்று உடலே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அடை முடிவதற்குள் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை இழக்கும் கோழிகள் உண்டு. நாளுக்கு 20 நிமிடம்போல வெளியே வந்து, அவசரமாகக் கொத்தி, தண்ணீர் குடித்து, புழுதியில் புரண்டுவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறதே, அந்த அவசரத்தைப் பார்த்தவர்கள் யாரும் கோழிக்கு அறிவில்லை என்று சொல்லமாட்டார்கள்.

அடை தெளிய வைப்பதும் இடம் மாற்றுவதும்

இந்தச் சுழற்சியில் ஒரு பலவீனம் உண்டு. தொடுகை நின்றால் எல்லாம் நிற்கும். கோழியைக் கூட்டிலிருந்து பிரித்துவிட்டால் ரத்தத்தில் புரோலாக்டின் சில மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்குகிறது. பிரிவு நீண்டால் அடை உணர்வு மறைகிறது. சினைப்பை மறுபடி வளர்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் கோழி திரும்பவும் முட்டையிடுகிறது.

கிராமங்களில் இதைத் தெரிந்துதான் 'அடை தெளிய' வைக்கிறார்கள். முட்டை வேண்டும், குஞ்சு வேண்டாம் என்கிற வீடுகளில் கோழியின் அடிவயிற்றைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பழக்கமில்லாத இடத்தில், வைக்கோல் இல்லாத தரையில், வெளிச்சத்தில் இரண்டு மூன்று நாள் கட்டிவைப்பார்கள். அடியில் காற்றோடும் கம்பிக்கூண்டில் விடுவதும் இதற்காகத்தான். மூக்கில் இறகைச் செருகிவிடும் வழக்கமும் உண்டு. அது வாயில்லா உயிருக்கு வலியைத் தருவது. கூண்டு மாற்றத்தாலேயே காரியம் நடக்கும்போது அந்தக் கொடுமை தேவையே இல்லை.

இப்போது என் கூடைக்குத் திரும்புவோம். பழக்கமில்லாத இடம், பகல் வெளிச்சம், தெரிந்த கூட்டிலிருந்து பிரிவு. அடை தெளிய வைக்க என்னவெல்லாம் செய்வார்களோ அத்தனையையும், குஞ்சு பொரிக்கட்டும் என்ற ஆசையில் நான் செய்திருந்தேன். அடைக்கோழியை இடம் மாற்றுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இதுதான். அடையைக் கலைப்பதும் இடம் மாற்றுவதும் ஒரே செயல். நடுவில் அந்தத் தொடுகை அறாமல் பார்த்துக்கொள்வதில்தான் வித்தியாசம்.

கோழி எதை அடையாளம் வைத்திருக்கிறது?

வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. தென்கிழக்கு ஆசியக் காடுகளைச் சேர்ந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் அந்த வம்சத்தில் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதிலிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. காட்டில் பெட்டை தன் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, புதர் அடியில் தரையைச் சீய்த்துச் சிறு குழி பறித்து, சருகு பரப்பி, தனியாக முட்டையிடும். அங்கே இன்னொரு பெட்டை வந்து நெருக்குவதில்லை. முட்டைகளை யாரும் எடுத்து வேறு இடத்தில் வைப்பதும் இல்லை.

முட்டை இடம் மாறாத உலகத்தில் முட்டையை அடையாளம் காணத் தேவையில்லை; இடத்தை அடையாளம் கண்டால் போதும். இந்தப் புதர், இந்தப் பக்கத்து வேர், இந்தக் குழி. அடைக்கோழி நினைவில் வைத்திருப்பது இதைத்தான். வாத்து முட்டையை வைத்தாலும் காக்கும், மயில் முட்டையை வைத்தாலும் காக்கும். வழவழப்பான கூழாங்கல்லை வைத்தாலும் அலகால் இழுத்து நெஞ்சுக்கடியில் சேர்த்துக்கொள்ளும். கூட்டின் விளிம்பில் உருண்டுபோன முட்டையை அலகின் அடிப்புறத்தால் உருட்டி உள்ளே கொண்டுவரும். ஆனால் முட்டைகளை முற்றத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டால், அதைப் பொறுத்தவரை அவை இல்லாமலே போய்விடுகின்றன. கண்ணெதிரே கிடந்தாலும் அது போய் உட்காருவது பழைய மூலையில்தான்.

சாம்பல் கோழி வெறுந்தரையைத் தேடி ஓடியதன் காரணம் இதுவே. அது முட்டைகளைக் கைவிடவில்லை. முட்டை இருக்கவேண்டிய இடத்துக்குத்தான் ஓடியது.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்?

இடம்தான் அதற்கு எல்லாமே என்றால் அங்கேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். ஒரே ஒரு பெட்டை இருக்கும் வீட்டில், நாய் பூனை அண்டாத மூலையில் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுவதுதான் நல்லது. பல கோழிகள் பொதுவாக முட்டையிடும் கூட்டில் உட்கார்ந்திருந்தால்தான் பிரச்சினை. அந்தப் பிரச்சினை முட்டைக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பற்றியது.

கோழி வெளியே தள்ளும்போதே கருவுற்ற முட்டைக்குள் வளர்ச்சி தொடங்கிவிட்டிருக்கும். பல ஆயிரம் செல்கள் கொண்ட சின்ன வட்டமாகக் கரு மஞ்சள் கருவின்மேல் படிந்திருக்கும். வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நிற்கும். சுமார் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே கரு சாகாமல் உறங்கிக்கொண்டிருக்கும். கோழி ஒரு நாளைக்கு ஒரு முட்டைக்கு மேல் இடுவதில்லை. ஒரு தொகுதியை இட்டு முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் முதல் முட்டையும் கடைசி முட்டையும் ஒரே நாளில் பொரிக்கின்றன. எல்லாம் சேரும்வரை கோழி அடைக்கு உட்காராமல் இருப்பதே காரணம். உட்கார்ந்த நாள்தான் எல்லாக் கருவுக்கும் ஒன்றாம் நாள்.

பொதுக்கூட்டில் இந்த ஒழுங்கு குலைகிறது. அடைக்கோழி ஐந்தாம் நாள் காத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு பெட்டை வந்து புது முட்டை இடுகிறது. பத்தாம் நாள் மற்றொன்று. 21-ஆம் நாள் முதல் குஞ்சுகள் வெளிவந்ததும், ஓரிரு நாளில் தாய் அவற்றை அழைத்துக்கொண்டு இரை தேடக் கிளம்பிவிடும். பிந்திச் சேர்ந்த முட்டைகளில் 16 நாள் வளர்ந்த, 11 நாள் வளர்ந்த கருக்கள் இருக்கும். அவை குளிர்ந்து ஓட்டுக்குள்ளேயே மடியும். பொரிக்காத முட்டைகளைப் பார்த்து 'கூமுட்டை' என்று தூக்கி எறிகிறோம். உண்மையில் அவற்றில் பல, நாள் கணக்குத் தவறியதால் மட்டுமே செத்த உயிர்கள்.

நெருக்கடியும் ஒரு காரணம். மற்ற பெட்டைகள் ஏறி மிதித்து முட்டை கீறும். உடைந்த முட்டையின் கசிவு மற்ற முட்டைகளின் துளைகளை அடைக்கும், கிருமிகளுக்கும் வழி விடும். அடைக்கோழி இரை எடுக்கப் போய்த் திரும்பும்போது அதன் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். இது பக்கத்துக் குழியில் போய் உட்கார்ந்துவிடும். இடத்தைத்தானே அது அறியும், முட்டையை அல்லவே!

எனவே தனிக்கூடு என்பது நாம் கண்டுபிடித்துக் கோழிக்குத் தரும் புதிய வசதி இல்லை. காட்டில் புதர் அடியில் அதற்கு இருந்த தனிமையைத் திருப்பித் தருகிறோம். பலர் கூடி முட்டையிடும் கூடுதான் மனிதர்கள் அதன்மேல் சுமத்தியது.

மாற்றும் முறை

முதலில் அடை உறுதியாக வேண்டும். முட்டையிட உட்கார்ந்திருக்கும் கோழியையும் அடைக்கோழியையும் பகலில் குழப்பிக்கொள்ளலாம், இரவில் முடியாது. இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து கூட்டிலேயே தங்கினால் அடை பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். வயிற்றுக்கடியில் கை விட்டால் எழுந்து ஓடாமல், கையையே முட்டையாக எண்ணி அணைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் மாற்றினால் புரோலாக்டின் போதிய அளவு ஏறியிருக்காது; சிறு கலவரத்திலேயே அடை கலைந்துவிடும்.

புதிய கூட்டைக் கோழி வருவதற்கு முன்பே தயாராக்க வேண்டும். அகலமான கூடை அல்லது பழைய மண்சட்டி போதும். அடியில் மணலைக் குழிவாகப் பரப்பினால் முட்டைகள் ஓரத்துக்கு உருளாமல் நடுவில் சேர்ந்து நிற்கும். அதன்மேல் வைக்கோல். பழைய கூட்டிலிருந்த வைக்கோலில் ஒரு பிடியையும் சேர்ப்பது நல்லது; அடிவயிற்றுக்குப் பழகிய தொடுகை அது. கூடை தரையோடு இருக்கட்டும். உயரத்தில் வைத்தால், பொரித்த குஞ்சுகள் விழுந்து திரும்ப ஏற முடியாமல் குளிரில் விறைத்துவிடும். அறை அரையிருட்டாக, காற்றோட்டமாக, ஆள் நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும். பாம்பு, கீரி, பெருச்சாளி, பூனை நுழையும் பொந்துகளை அடைக்க வேண்டும். கூடைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீரும் கம்பு, சோளம் போன்ற முழுத் தானியமும், ஒரு மூலையில் சாம்பல் கலந்த மணலும் இருக்கட்டும். அந்த மணலில் புரண்டுதான் கோழி பேனையும் செள்ளையும் உதறும். கூட்டின் இண்டு இடுக்குகளில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் செவ்வுண்ணிகள் பெருகிவிட்டால், எவ்வளவு அழுத்தமான அடைக்கோழியும் முட்டையை விட்டு ஓடிவிடும். அதனால் பழைய கூட்டு வைக்கோலில் பூச்சி இருந்தால் ஒரு பிடியும் வேண்டாம்.

இனி இரவு. கோழியின் விழித்திரையில், பகலில் நிறம் காண உதவும் கூம்பு செல்களே மிகுதி. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் குறைவு. நான்கு வகைக் கூம்பு செல்களால் நாம் காணாத புற ஊதா நிறத்தையும் காணும் அந்தக் கண், இருட்டினால் ஏறக்குறைய ஒன்றையும் காண்பதில்லை. காணாத கோழி ஓடாது. பழைய இடத்தின் அடையாளங்களான சுவர், தூண், வாசல் எல்லாம் இருட்டில் மறைந்துவிடுகின்றன. அப்போது அதற்கு உலகம் என்பது அடிவயிற்றில் படும் தொடுகை மட்டுமே. அந்தத் தொடுகையை அப்படியே எடுத்துப்போய் இன்னோரிடத்தில் வைத்தால், விடிவதற்குள் பல மணி நேரம் புதிய கூட்டிலேயே புரோலாக்டின் சுழற்சி ஓடிவிடும். அப்பத்தா சொன்ன ராத்திரியின் பொருள் இதுதான்.

நன்றாக இருட்டி ஓரிரு மணி நேரம் கழித்து, விளக்கொளியைத் துணியால் மறைத்துக்கொண்டு போக வேண்டும். பேச்சு வேண்டாம். ஒரு கையை நெஞ்சுக்கடியில் கொடுத்து, மறு கையால் இறக்கைகளை அணைத்து மெல்லத் தூக்க வேண்டும். இறக்கை இடுக்கிலோ காலிடையிலோ முட்டை சிக்கியிருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்ப்பது அவசியம். பாதி வழியில் விழுந்து உடையும் முட்டைகள் அப்படிச் சிக்கியவைதான். புதிய கூட்டில் நல்ல முட்டைகளை உடனே வைக்கக் கூடாது. வழவழப்பான வெள்ளைக் கல், மரமுட்டை, கருவில்லாத முட்டை என்று ஏதாவது மூன்று நான்கை வைத்து, அவற்றின்மேல் கோழியை இறக்க வேண்டும். மேலே பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, சாக்கோ துணியோ போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. காற்று போக இடம் விட மறக்கக் கூடாது.

அடுத்த ஒன்று இரண்டு நாள்தான் சோதனைக் காலம். நாளுக்கு ஒருமுறை பஞ்சாரத்தை எடுத்து, அறைக்கதவை மட்டும் சாத்திவைத்து, கோழியை இரையெடுக்க விட வேண்டும். தின்று, குடித்து, எச்சம் போட்டுவிட்டுத் தானாகக் கூடைக்கே திரும்பி உட்கார்ந்தால், புதிய இடம் அதன் மனத்தில் பதிந்துவிட்டது. அன்று இரவே போலிகளை எடுத்துவிட்டு நல்ல முட்டைகளை ஒரே நேரத்தில் வைக்கலாம். உட்காராமல் கதவையே சுற்றிச் சுற்றி வந்தால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். சில கோழிகள் மாற்றத்தை ஏற்பதில்லை. பழைய இடத்திலேயே விட்டு, அதைச் சுற்றித் தட்டியோ வலையோ கட்டி, மற்ற பெட்டைகளை அங்கே வரவிடாமல் செய்யலாம். கோழி மாறாவிட்டால் கூடு தனியாகட்டும். பலன் ஒன்றுதான்.

ஏற்கெனவே பல நாள் அடைகாத்த முட்டைகளோடு மாற்ற நேர்ந்தாலும் இரவில் மாற்றும் முறை இதேதான்; போலிகளை வைத்து நாள்கணக்கில் காத்திருக்க மட்டும் முடியாது. கரு சில மணி நேரக் குளிரைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் கோழி திரும்ப உட்காரும் என்ற உறுதி இல்லாமல் அந்த ஆபத்தை எடுக்கக் கூடாது. கடைசி மூன்று நாள்களில் மட்டும் தொடவே வேண்டாம்.

எந்த முட்டை, எத்தனை முட்டை?

சேவலோடு திரியும் பெட்டையின் முட்டைதான் கருக்கூடும். தமிழ்நாட்டுக் கோடையில் நிழலிலேயே 35 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கரு உறங்குவதில்லை. அரைகுறையாக வளரத் தொடங்கி, கோழி உட்காருவதற்கு முன்பே மடிகிறது. அதனால் கோடையில் மூன்று நான்கு நாளுக்குள் இட்ட முட்டைகளும், குளிர்காலத்தில் ஒரு வாரத்துக்குள் இட்டவையும் நல்லவை. வீட்டின் குளிர்ந்த மூலையில், மண்பானையில், கூர்முனை கீழே இருக்கும்படி வைப்பது சிறந்தது. அழுக்கென்று கழுவக் கூடாது. ஓட்டில் பத்தாயிரம் அளவில் நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய படலம் கழுவினால் போய்விடும். ஈரத்தோடு கிருமி உள்ளே இறங்கும்.

9, 11, 13 என்று ஒற்றைப்படையில் வைப்பது ஊர் வழக்கம். ஒற்றைப்படையில் மாயம் இல்லை. ஆனால் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்ற அறிவு அதில் இருக்கிறது. கோழி முட்டைகளை அலகால் ஓயாமல் இடம் மாற்றும். ஓரத்து முட்டை நடுவுக்கு வரும், நடுவில் இருப்பது ஓரத்துக்குப் போகும். அதன் உடம்பு மூடாத அளவுக்கு முட்டை வைத்தால், குளிரும் முட்டை ஏதோ ஒன்றோடு நிற்காது; ஒவ்வொன்றும் முறைவைத்துக் குளிரும். இரண்டு முட்டை கூடுதலாக வைத்த ஆசையில் நாலைந்து குஞ்சு குறையலாம்.

இடி விழுந்தால் முட்டை கெடும் என்று கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள். இரும்பு இடியைத் தடுக்கும் என்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. ஆனால் இடி மழைக்காலத்தில் வருகிறது. ஈரம்பட்ட ஓட்டின் வழியே கிருமிகள் நுழைவது எளிது. கெடுதலைக் கண்ட கண் பொய் சொல்லவில்லை, காரணத்தைத்தான் வானத்தில் தேடியது. கூடையை ஈரமில்லாத இடத்தில் வைத்தால் இடிக்குப் பயப்பட வேண்டாம்.

21 நாள்

கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி அளவில் இருக்கும். அதன் அடியில் முட்டையின் சூடு 37.5 டிகிரியை ஒட்டி நிற்கும். இரண்டாம் நாள் முடிவதற்குள் கருவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் முட்டையை உடைத்துப் பார்த்து, துள்ளும் ரத்தப் புள்ளியாக அந்த இதயத்தை விவரித்தவர் அரிஸ்டாட்டில். அதற்கு 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஏழாம் நாள் இரவில் டார்ச் ஒளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், சிலந்திபோல் கால் பரப்பிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் அது கருக்கூடாத முட்டை, எடுத்துவிடலாம்.

முட்டையைத் திருப்பிக்கொண்டே இருப்பதால் கரு ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்வதில்லை. நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகி முட்டை தன் எடையில் 12 முதல் 14 சதவீதம் வரை இழக்கும். அந்த அளவுக்கு அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். 19-ஆம் நாள் வாக்கில் குஞ்சு அந்தக் காற்றறையைக் கிழித்து முதல் மூச்சு விடுகிறது. மூச்சு வந்ததும் குரலும் வருகிறது. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு முனகும்; தாய் மேலிருந்து பதில் சொல்லும். காடைகளில் முட்டைக்கு முட்டை கேட்கும் சொடுக்கொலி, பிந்திய குஞ்சை விரைவுபடுத்தி எல்லாம் சேர்ந்து பொரிக்க உதவுகிறது என்பதை மார்கரெட் வின்ஸ் 1960-களில் கண்டறிந்தார். கடைசி மூன்று நாள் கூட்டைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? அங்கே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

அலகின் நுனியில் முளைத்த சிறு கூர்ப்பல்லால் குஞ்சு ஓட்டைத் தட்டி உடைத்து வெளிவருகிறது. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குச் சோறு. அதனால்தான் முந்திப் பிறந்தவை பட்டினி கிடக்காமல், பிந்தியவற்றுக்காகத் தாய் ஒரு நாள் காத்திருக்க முடிகிறது.

மறக்கக் கூடாத அறிவு

நாமக்கல்லின் பண்ணைகளில் முட்டையிடும் வெள்ளைக் கோழிகளுக்கு இந்த அனுபவம் எதுவும் கிடையாது. வெள்ளை லெகார்ன் வம்சத்திலிருந்து, அடைக்கு உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் அவற்றில் அடை உணர்வு ஏறக்குறைய அற்றுவிட்டது. அடைக்கு வராத கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடும். மூன்று நான்கு முறை அடைக்கு வரும் நாட்டுக்கோழி 60, 70 இடும். பொரிக்கும் வேலையைக் கருவி பார்த்துக்கொள்கிறது. ஊருக்கெல்லாம் மலிவாகப் புரதம் கிடைப்பது அதனால்தான். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மின்சாரமில்லாத குடிசையில், நாலு கோழி வைத்திருக்கும் பெண்ணுக்கு, வெப்பமும் ஈரமும் திருப்புதலும் காவலும் தாய்ப் பராமரிப்பும் காசில்லாமல் தருவது ஒரு நாட்டுக்கோழியின் வயிறுதான். அந்தக் கோழி நம்மிடம் கேட்பது ஒரு கூடை, கொஞ்சம் இருட்டு, இரண்டு நாள் பொறுமை.

அந்த விடுமுறையின் முடிவில் இன்னொரு சிவப்புப் பெட்டை அடைக்கு வந்தது. மூன்றாம் இரவு அப்பத்தா அதைத் தூக்கினாள். சீலைத் தலைப்பால் மூடிய விளக்கை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். கூடையில் நான்கு வெள்ளைக் கற்கள். கோழியை இறக்கியதும் சிறிது நேரம் அசையாமல் நின்றது. பிறகு இருட்டில் 'கொக்' என்ற அடிக்குரல் கேட்டது. கல்லோடு கல் உரசும் சத்தம் வந்தது. அலகால் இழுத்து அடியில் சேர்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளுக்கு மறுநாள், அறைக்கதவையே திறந்துவிட்டாள் அப்பத்தா. கோழி வெளியே வந்து கம்பு கொத்தியது, தண்ணீர் குடித்தது, முற்றத்துப் புழுதியில் புரண்டது. எதிரே தொழுவம் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பை உதறிக்கொண்டு எழுந்த கோழி, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அறைக்குள் ஓடிக் கூடையில் ஏறிக்கொண்டது.

"இனி முட்டையை வைக்கலாம்" என்றாள் அப்பத்தா.